மாதா கெபிக்கு அடியில்

வீடு தேடி வருகிறவர்களுக்கு முதலில் காப்பி, அப்புறம்தான் பேச்சு. அது என் வழக்கம். மண்ணைப் பரிசோதிக்க வந்த இன்ஜினீயர் மனோகரனுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். பூந்தமல்லியில் இக்னேஷியஸ் வீட்டுக் காப்பிக்குக் கொஞ்சம் பேர் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறுவதற்குள் குடியுங்கள்.

முன்பு இங்கே என் பெட்ரோல் பங்க் இருந்தது. காலையில் டேங்குக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தால், முந்தின நாள் பூட்டும்போது இருந்ததைவிடப் பெட்ரோல் இறங்கியிருக்கும். அடியில் ஓட்டை. பூமி குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தொண்ணூறில் பங்க்கை மூடி டேங்கைத் தோண்டி எடுத்தபோது குழி மண் கறுத்துப்போய், மூக்கைத் துளைத்தது. அவ்வளவு மண்ணை அள்ளி எங்கே கொட்டுவது? அப்படியே விட்டு மேலே ஜல்லி பரப்பி, சின்னக் குகை மாதிரி அழகாக ஒரு மாதா கெபி கட்டிச் சிலை வைத்தேன். சர்ச்சிலிருந்து பங்குச் சாமியாரே வந்து மந்திரித்தார். மிச்ச இடத்தை மனை போட்டு விற்றேன்.

பக்கத்து மனையை வாங்கியவர்கள் கிறிஸ்துராஜும் அவர் மனைவி செலினும். தங்கமான ஜோடி. கெபிக்குப் பின்னால்தான் அவர்கள் கிணறு. செலின் முழுகாமல் இருந்த சமயம், தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று மனுப் போட்டாள். அதனால்தான் மனோகரன் துளை போடும் கருவியோடு வந்தார். கெட்டிக்காரர். இங்கேயும் அங்கேயும் மண்ணை மோந்து பார்த்துவிட்டு, நேரே கெபி மேடையில் சுண்ணாம்பால் குறி போட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன். வேலியோரம் நின்ற செலினிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“பாத்தியாம்மா, மாதாவை இடிச்சுட்டுத் தோண்டப் போறாராம். இந்த நேரத்துல உனக்கு எதுக்கும்மா இந்தப் பாவம்?”

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து குறியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னா சார் இது, மாதா மேலயா ஓட்டை போடுவ? எம் புள்ளைக்கு நேந்துகினு கீறேன். இங்க கை வைக்காத சார்.”

மனு போட்டவளே மறித்தால் அவர்தான் என்ன செய்வார், பாவம். செருப்பைக் கழற்றி, மாதாவைக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டார். பிறகு நான் காட்டிய தெருவோர மேட்டில் துளை போட்டார். சுத்தமான செம்மண் வந்தது. மண்ணில் குறையில்லை என்று எழுதியும் கொடுத்தார். மண் நன்றாக இருந்தால் தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கும், வாடை வெறும் பாசிதான் என்று செலினுக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

“மாதாவே சாட்சி சொல்லிட்டாங்க அங்கிள்” என்று வாய் நிறையச் சிரித்தாள். எனக்கும் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். பேறுகாலம் வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஆசையாகக் குடித்தாள்.

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. எந்தத் தண்ணீர் குடித்தாய் என்று டாக்டர் கேட்டாராம்.

ஆமாம் ஐயா, கெபிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குடிக்கச் சொன்னேன். ஆனால் நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை. குழந்தையின் பெட்டிக்கு வைத்த பூவெல்லாம் என் தோட்டத்து ரோஜா.

எங்கள் வீட்டுக்கு மட்டும் பங்க்கை மூடிய நாளிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் லாரியில் வருகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.