மாவு தூவிய வலை

— அந்த ஒரு வலைய மட்டும் உட்டுடுங்க மேடம். இந்த ஊரிகம் ஊரு பூரா சிலந்தி கீது. இந்த டனல் வாயிலதான் எண்ணணுமா?

— காத்தவராயன் அண்ணா, திங்கட்கிழமை இதே வலையை நான் படம் எடுத்தப்ப நீங்கதான் டார்ச் புடிச்சீங்க. இன்னைக்கு என்ன ஆச்சு?

— திங்கட்கிழமை வேற. இன்னைக்கு வியாழன்.

— அதுக்குத்தான் வந்திருக்கேன். மூணு நாள்ல வலை எப்படி மாறுதுன்னு எழுதணும். இந்த ஊர்ல இதுவரைக்கும் நாப்பத்தோரு வகை சிலந்தி பதிவு பண்ணியாச்சு. இது மட்டும் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. இன்னும் பேரே வைக்காத சிலந்தி அண்ணா.

— பேரு வெக்காதீங்க. பேரு இருந்தா கூப்புடத் தோணும்.

— யாரு யாரைக் கூப்பிட்டா?

— யாருமில்ல. எழுதிகினு கெளம்புங்க.

— நீங்க இந்த டனலுக்கு வாட்ச்மேன். வந்ததுல இருந்து பாக்குறேன், டனலுக்கு முதுகு காட்டியே உக்காந்திருக்கீங்க. காதுல பஞ்சு வேற.

— சளி மேடம்.

— வெயில்லயா?

— இன்னா மேடம் நீங்க, போலீசு மாதிரி. சரி, சொல்றேன், சிரிக்கக் கூடாது. செவ்வாக்கிழமையிலேர்ந்து உள்ள தட்டுது. அந்தத் துருப்புடிச்ச பைப்பு கீதே, தங்க மைன்ஸ் ஓடுனப்ப கீழ காத்து அனுப்புன பைப்பு. அதுல தட்டறான்.

— யாரு?

— மோசஸு. என் கூட்டாளி. ஒரே ஷிப்டு, ஒரே டிபன் கேரியரு. தொண்ணூத்தஞ்சுல, தோ இதுக்குக் கீழதான், பாறை வெடிச்சி நாங்க வேலை செஞ்ச லெவலு மூடிக்கிச்சி. நான் இந்தாண்ட, அவன் அந்தாண்ட. பைப்புல தட்டனான். மூணு தட்டு, நிறுத்தி மூணு தட்டு. ஆள மேல கீழ ஏத்தி எறக்குற கேஜுக்கு நாங்க அடிக்கிற மணி அது. 'ஆளு கீறான், மேல ஏத்து'ன்னு அர்த்தம்.

— தோண்டி எடுத்தாங்களா?

— மேஸ்திரி என்னாண்ட கேட்டாரு, பைப்புல சத்தம் வருதாடான்னு. நான் வரலன்னேன்.

— ஏன் அண்ணா?

— வருதுன்னா நான்தான் உள்ள பூரணும். தலைக்கு மேல பாறை பல்லு மாதிரி தொங்கிகினு இருந்துச்சி. வூட்ல கொழந்த பொறந்து பத்து நாளு. வரலன்னுட்டேன். எலும்பு கூட வெளிய வரல மேடம். முப்பது வருசம் சும்மா இருந்தான். இப்ப கூப்புடறான்.

— இப்பவும் மூணு மூணாத்தான் தட்டுறாரா?

— எவன் எண்ணுனான்? சத்தம் வந்த ஒடனே பஞ்ச வெச்சிகினேன்.

— சரி, நான் எண்ண வந்ததைப் பாக்கறேன். திங்கட்கிழமை வலை படத்துல நல்லாத் தெரியணும்னு அது மேல சோளமாவு தூவினேனே, ஞாபகம் இருக்கா?

— கொழுக்கட்டை சுடப் போறீங்களான்னு கேட்டனே.

— இப்ப பாருங்க. மாவு எங்கே?

— காத்துல கொட்டிகிச்சி.

— கொட்டாது அண்ணா, நூல்லயே ஒட்டிக்கும். இது புது வலை. இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும், ஒரு ஓட்டை இல்லை. பழசு எங்கேன்னு டார்ச் அடிங்க. இன்னும் உள்ளே. அந்தக் கம்பி கிட்ட.

— தோ... வெள்ளையா நூலு தொங்குது.

— பத்தடி உள்ள. யாரோ தோள்ல மாட்டி இழுத்துட்டுப் போயிருக்காங்க.

— நான்தான் சொன்னனே. மோசஸு.

— மோசஸ் உள்ள இருக்கறவர். அவர் கிழிச்சா நூல் வெளிப் பக்கம்தானே வந்திருக்கணும்? இது வெளிய இருந்து உள்ள போயிருக்கு. இந்த அளவு வலை பின்ன இந்தச் சிலந்திக்கு ரெண்டு ராத்திரி ஆகும். தட்டற சத்தமும் செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பிச்சுதுன்னீங்க. அப்படின்னா செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள ஒருத்தர் உள்ள போயிட்டார். அதுக்கப்புறம் இந்த வலை கிழியவே இல்லை.

— கிழியலன்னா?

— போனவர் திரும்பி வரலை. வேற வழி இருக்கா?

— இல்ல. முப்பதடி தாண்டுனா பலகை இத்துக் கெடக்குது. கீழ பள்ளம்.

— செவ்வாய்க்கிழமை விடியக்காலையில நீங்க எங்க இருந்தீங்க?

— டீக்கடையில.

— கேபிள் திருட யாராவது வருவாங்களா?

— வருவானுங்க. நேத்து ஸ்கெலட்டன்ற ஏரியாலேர்ந்து சுனிதா வந்துச்சி. 'எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா வரல, பாத்தீங்களா மாமா'ன்னு. அனிலு, பெங்களூரு வேலை போனப்புறம் ஒயரு உரிச்சி வித்துகினு கீறான். ரயிலேறிப் போயிருப்பான், வந்துடுவான் போம்மான்னு அனுப்பிட்டேன்.

— அண்ணா, பஞ்சை எடுங்க. பைப்புல காதை வைங்க.

— நீங்க வைங்க.

— எனக்குப் பாறை இறங்குற சத்தம் எது, ஆள் தட்டுற சத்தம் எதுன்னு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

— என்னாண்ட கேக்காதம்மா. ஒரு தபா கேட்டாங்க. போதும்.

— நானும் கேக்கறேன். சத்தம் வருதா, இல்லையா?

— தோ, பஞ்ச எடுத்துட்டேன். காத வெச்சிட்டேன்.

— அண்ணா?

— இரும்மா, பேசாத. வருது. அஞ்சி. உட்டுட்டு... ரெண்டு. இப்ப ஏழு. இப்ப ஒண்ணே ஒண்ணு.

— ஏன் அண்ணா அழறீங்க?

— மோசஸு மூணுக்கு மேல ஒண்ணு கூட தட்ட மாட்டாம்மா. இது மைன்ஸ்ல ஒரு நாளும் வேலை செய்யாதவன் தட்டறது. நீ எல்லாருக்கும் போன் போடு, வலைய நான் கிழிக்கிறேன்.