கோல்ப் தடிக்கு எடுத்த அளவு

மழைக்காலத்தில் துணி நாடாவை நம்பி எதையும் அளக்கக் கூடாது. கண்டிப் பக்கத்து ஈரம் பட்டால் அது மெல்ல நீண்டுவிடும். அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், என்று வைத்தாலும் ஆள் உயரத்துக்கு வரும்போது அது பெரிய பிழை. அதனால் நான் நாடாவை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் எடுப்பேன். முதலியார் ஐயா, நான் சொல்வதை நீதவான் துரைக்கு இங்கிலீசில் சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். நடந்ததற்கு என் கவனக்குறைவு காரணம் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் ராஜரத்தினம். ஊர் யாழ்ப்பாணம். கடுகண்ணாவைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எனக்குப் பேச்சு அதிகம் இல்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனபின் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன். மாலைவரை ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் எனக்கு எதுவும் குறைவதில்லை. பேசாதவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கோப்பி இலையின் அடியில் செடியைக் கொல்லும் அந்த மஞ்சள் தூள் நோய் படிய ஆரம்பித்த பிறகு எங்கள் துரைக்குச் செய்வதற்கு வேலை இல்லாமல் போயிற்று. கொழும்பில் சில துரைமார் கோல்ப் விளையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். பட்டுப்போன செடிகளைப் பிடுங்கி எறிந்து, பங்களாவுக்குக் கீழே உள்ள சரிவில் புல் வளர்த்து, குழிகள் வெட்டச் சொன்னார். இரவல் வாங்கிய தடிகளால் அடித்துப் பழகினார். பந்து ஓடைக்குள் போயிற்று, காட்டுக்குள் போயிற்று, ஒருமுறை மாட்டுக் கொட்டிலுக்குள் போயிற்று. கொடி நட்டிருந்த பக்கம் மட்டும் போகவில்லை. கடைசியில், தடிகள் தன் உடம்புக்குப் பொருந்தவில்லை என்று துரை கண்டுபிடித்தார். அரைகுறையாக விளையாடுகிற எல்லோரும் ஒருநாள் இந்தக் கண்டுபிடிப்புக்கு வந்து சேருகிறார்கள் போலும்.

ஸ்கொட்லாந்தில் தடி செய்கிற ஒருவர் ஆளுக்கு ஏற்றபடி செய்து அனுப்புவாராம். உயரம், கை நீளம், கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் நுனியிலிருந்து தரைவரை எவ்வளவு என்ற கணக்கு. இவ்வளவும் அவருக்கு வேண்டும். துரை என்னைக் கூப்பிட்டு, "அளவெல்லாம் நீ எடுத்து எழுதிப்போடு" என்றார்.

இங்கேதான் ஐயா நீங்கள் என் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கதிரையில் இருந்தால் நான் பத்தடி தள்ளி நிற்கிறவன். அவருடைய தோளில் நாடாவை வைத்து, கையைப் பிடித்து இழுத்து, "கொஞ்சம் நிமிருங்கோ" என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்திருப்பார். அதை நினைத்தபோது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

எங்கள் கோப்பி ஸ்டோரின் வாசல்நிலை தாழ்வானது. தோட்டத்தில் இரண்டே பேர்தான் குனிந்து உள்ளே போவார்கள். ஒருவர் துரை. மற்றவன் மூட்டை தூக்கும் கறுப்பையா. ஆகவே இருவரும் ஒரே உயரம் என்று முடிவுசெய்தேன். இதில் தர்க்கப் பிழை எதுவும் எனக்கு அன்று தெரியவில்லை. துரை குனிவது தொப்பியோடும் சப்பாத்தோடும் என்பதையும், கறுப்பையா வெறுங்காலோடு நிற்பவன் என்பதையும், மூட்டை தூக்கித் தூக்கி அவன் கைகள் முழங்காலைத் தொடுகிற அளவுக்கு இருந்ததையும் பிறகுதான் யோசித்தேன்.

அவனை ஸ்டோரில் நிறுத்தி, "தொட்டு அளக்கட்டே?" என்று கேட்டேன்.

"அளங்கய்யா. காசா பணமா?" என்றான். பிறகு, "எதுக்குங்க இது?" என்று கேட்டான். சொன்னேன். சிரித்துவிட்டான்.

"நல்லா இருக்குதுங்க கதை! தொரைக்குச் சட்டை தைக்க என்னைய அளந்தா, சட்டை என் தோள்ல வந்துல்ல நிக்கும்?"

"கதையாதை. கையைத் தொங்கப்போடு" என்றேன்.

தடிகள் கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து ரயிலில் வந்து, தகரப் பெட்டியோடு பங்களாவுக்கு வந்தன. அழகான தடிகள். கண்டியிலிருந்து துரைமார் வந்தபோதெல்லாம் எங்கள் துரை, "என் உடம்புக்கென்றே செய்தது, அளவெடுத்தது என் கணக்கப்பிள்ளை" என்று என்னைக் காட்டிச் சொல்வார். அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு சம்பளத்தையும் விட்டுக்கொடுத்திருப்பேன்.

ஆனால் தடி பந்துக்கு மேலே காற்றில் போய்க்கொண்டே இருந்தது. தடியில் பிழை இருக்க முடியாது என்பதால் துரை தன்னிடம் பிழை தேடினார். சப்பாத்தை மாற்றினார். இறைச்சியை விட்டார். பிராந்தியை விட்டுப் பார்த்து, மறுபடி பிடித்தார். முதுகு வளைந்துவிட்டது என்று மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பலகையில் படுத்தார். தன் உடம்புதான் தன்னை ஏமாற்றுகிறது என்று அந்தப் பெரிய மனிதர் வருந்தியதைப் பார்க்க எனக்கு இரக்கமாக இருந்தது. இருந்தாலும் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

தடிப்பையைச் சுமப்பதற்குத் துரை தெரிந்தெடுத்தது கறுப்பையாவை. ஒரு பிற்பகல் துரை தொடர்ந்து தவறவிட்டு, கோபத்தில் தடியை எறிந்தார். கறுப்பையா ஓடிப்போய் எடுத்து வந்தான்.

"நீ அடிக்கிறது! நாங் பாக்கிறது" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

கறுப்பையா தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு, மண்வெட்டி பிடிப்பதுபோல் தடியைப் பிடித்து ஒரு வீச்சு வீசினான். பந்து நேரே போய்க் கொடிக்கம்பத்தில் பட்டு விழுந்தது.

"நம்ம கைக்குன்னே செஞ்சாப்புல இருக்குதுங்க, தொரை" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

துரை முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கி அந்த நாடா கொண்டா. நாங் அவன் பக்கத்திலே நிக்கிறது. நீ ரெண்டு பேரும் அளக்கிறது."

அந்த வருடம் தோட்டம் தோட்டமாகக் கணக்கப்பிள்ளைமாரை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலையும், அளவில் பிழை விடாதவன் என்ற பெயரும்தான் இருந்தன. வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தேன். உண்மையைச் சொல்லலாம், சொன்னால், துரையின் உடம்பும் மூட்டைக்காரன் உடம்பும் ஒன்றென்று நான் நினைத்ததாக ஆகும். அது துரைக்கு அவமானம். துரையின் கையை நீட்ட முடியாது. கறுப்பையாவின் கையைக் குறைப்பது என்றால் அது கொடுமை, அதை நான் விரும்பவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் ஒப்பீடு இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனம் அமைதியாயிற்று.

கோப்பிப் பழம் உரிக்கும் இயந்திரத்தைச் சுற்றுவது ஒரு தண்ணீர்ச் சக்கரம். மடைப்பலகையை இறக்கினால் வாய்க்கால் தண்ணீர் நிற்கும், சக்கரமும் நிற்கும். விளைச்சல் குறைந்திருந்ததால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. விடியற்காலையில் ஒரு கொய்யாக் கிளை சக்கரத்தின் அடியில் சிக்கியிருந்தது. அதைச் சிக்கவைத்தது நான்தான். அதை எடுக்கக் கறுப்பையாவைக் கூப்பிட்டேன். கை நீளமானவன் என்பதால் அவனைக் கூப்பிட்டது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

சக்கரக் குழிக்குள் இறங்குமுன் அவன், "பலக நல்லா எறங்கியிருக்குதுங்களா, ஐயா?" என்று கேட்டான்.

"ஓம், இறங்கியிருக்கு. நான் மேலை நிக்கிறன், நீ இறங்கு" என்றேன். சொன்ன நேரத்தில் அது பொய் இல்லை.

பெரட்டு மணி அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காய்ந்த நாடாவை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரை நாடாவைப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டார். முதல்நாள் சொன்னது அவருக்கு நினைவில்லை. பிராந்தி குடித்திருந்தார் அல்லவா. விபத்து என்று சொன்னேன். மிகவும் வருந்தினார். "அப்போ பை யார் தூக்கிறது?" என்றார்.

துரை மறந்துவிட்டதால் நான் செய்தது வீண் என்று சிலர் சொல்லக்கூடும். அவருக்கு மறுபடி நினைவு வந்திருந்தால்?

கறுப்பையாவின் மனைவி வீரம்மா அழவில்லை. ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, அன்னிக்கு எம்புருசனை அங்குலம் அங்குலமா அளந்தீங்களாமே. குழிக்கும் அந்த அளவே போதுமுங்களா?"

பொருத்தமான கேள்வி. அளவு எனக்கு நினைவில் இருந்தது. குழி வெட்டியவர்களிடம் சொன்னேன். சரியாகப் பொருந்தியது. என் நாடாவில் பிழை இருக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அவள் விடவில்லை. "பலக தானா ஏறிக்குமாய்யா? தம் புடிச்சுத் தூக்கணுமே அத" என்றாள். நான் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டேன். அவள் கண்டிவரை நடந்து வந்து இந்த நீதவான் கோட்டில் முறைப்பாடு செய்தாள். அதுவரை என்னிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன்: பலகை தானாக ஏறாது. அவன் குனிந்து கிளையைப் பிடிக்கும்வரை காத்திருந்து, நான்தான் தூக்கினேன். அவன் இறப்பான் என்று தெரிந்தே தூக்கினேன்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதச் சொல்லுங்கள், முதலியார் ஐயா. தன் புருசன்மேல் நான் கை வைத்ததாக முறைப்பாட்டில் அவள் சொல்லியிருக்கிறாள். அது சரியில்லை. அளவெடுத்த அன்றைத் தவிர கறுப்பையாவின் உடம்பை நான் தொட்டதே இல்லை. அன்றும் அவனிடம் கேட்டுக்கொண்டுதான் தொட்டேன்.