கடைசி வரை வாசிக்க விடாதவர்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, செயலாளர் அவர்களே, அம்மையாரின் தம்பி அவர்களே, கண்கலங்கி அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் நம் பியானோ பேராசிரியர் அம்மையாரைச் சாந்தமே உருவானவர் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள்? இரங்கல் கூட்டம் மாறி வந்துவிட்டேனோ என்று மாலை போட்ட படத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்! மாணவர்களே, 'ஸ்டாப் மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் நீங்கள் பெயர் வைத்தது சாந்தத்துக்காகவா?

எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கவைத்துத் திருத்தும் அவருடைய மாஸ்டர் கிளாஸில், பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோவின் ஒரு பகுதியை மாணவர்கள் வாசிப்பார்கள். இசைக்குழு முழுவதும் சேர்ந்து வாசிக்க வேண்டியதை, இரண்டாவது பியானோவில் ஒற்றை ஆளாக வாசித்தவன் நான். என் கொடுமையைக் கேளுங்கள்! முதல் இரண்டு பக்கம் இசைக்குழுவுக்கே உரியது. உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டு வருவேன். "நிறுத்து!"

"மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்பாள் மாணவி.

"அதுக்குத்தான் நிறுத்தினேன். சார் கையில வயலின்காரங்க இவ்வளவு நேரமா உன்கிட்ட பேசுறாங்க, நீ நகத்தைப் பாத்துட்டு இருக்கே. சார், முதல்லேருந்து!"

தப்பு அவளுடையது, தண்டனை எனக்கு! ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்: "ஒரு தடவையாவது புள்ளைங்களைக் கடைசி வரைக்கும் வாசிக்க விடுங்களேன்மா!"

"கச்சேரியில நடுவுல யாரும் நிறுத்த மாட்டாங்க சார். தப்பாவே போய் முடிஞ்சிடும், எல்லாரும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. இங்க ஒரு ஆளாவது நிறுத்தணும்ல?" என்றார்.

செயலாளர் அவர்களே, அப்படிப்பட்டவருக்கு நீங்கள் செலுத்தும் அஞ்சலி என்ன? இரண்டு பியானோவையும் பூட்டி, ஒரு மாதம் வகுப்பே கிடையாது என்று அறிவித்துவிட்டீர்கள்! இதோ, முன்வரிசையில் இருக்கும் இந்தப் பெண் அடுத்த வாரம் முதன்முறையாக முழு இசைக்குழுவோடு மேடையேற வேண்டும். சாவி கேட்டு வந்த அவள் அப்பாவிடம், "துக்கம் அனுசரிக்கிறோம்" என்றீர்களாமே! அவள் எதில் வாசித்துப் பழகுவாள்? சாப்பாட்டு மேசையிலா? எரிச்சலாக வருகிறது ஐயா!

சாவியைக் கொடுங்கள். நாளைக் காலை அம்மையாரின் வகுப்பு நடக்கும். இனியும் நடக்கும். இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன்.

மகளே, நீ முதல் பியானோவில் உட்கார். எனக்கு ஒரே ஒரு பயம்தான். நாளைக்கு நாம் இருவரும் ஒரு தடங்கலும் இல்லாமல் கடைசி வரை வாசித்துவிடுவோம். இத்தனை வருடம் நான் அதற்குத்தானே சண்டை போட்டேன்? இப்போது நடுவில் நிறுத்த அவர் இல்லையே! தப்பு வந்த இடத்தில் நிறுத்துவேன், அம்மையாரே! அவளையும் நிறுத்துவேன், என்னையும் நிறுத்துவேன்.