பூவரசங்கொப்பு

“உங்களுக்குச் சைக்கிள் ஓடுற வயசே அம்மா இது? ஒழுங்கை முழுக்கக் கதைக்குது.”

“கதைக்கட்டுமன். அவையளுக்கும் பொழுது போக வேணுமே.”

“தனியப் போனாலும் பரவாயில்லை. அந்த நவம் அங்கிளோட, விடியக் காலமை, மழைக்குள்ள...”

“அப்ப உன்ர அப்பான்ர படத்தைக் கரியரில கட்டிக்கொண்டு ஓடட்டோ?”

பிறகு ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, வீசப்பட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் புதிதாகக் கட்டிய ஃபிளாற்றுகளில் சுவர்கள் மெல்லியவை; அது கட்டியவர்களின் பிழை, என்னுடையதல்ல. நான் என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடிந்த பிறகும் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

பக்கத்து வீட்டு நேசமலரும் அவள் மகன் சுகிர்தனும்தான். நேசமலர் விதவை, ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர். நான் பிறிஜெற். கலியாணம் கட்டவில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்பதால் அடுத்தவர் பேசுவதைக் கேட்பது எனக்குத் தொழிலாக இருந்தது. இப்போது பென்ஷனோடு அதுவும் தொடர்கிறது. இந்த ஒழுங்கையில் எல்லோருடைய கதையையும் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை மட்டும் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும்.

வருடக்கணக்காக நேசமலர் காலையில் என் பல்கனிக்குத்தான் வருவாள். கடலைப் பார்த்தபடி ஒரு பிரம்புக் கதிரை அவளுக்கு. தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒழுங்கையைப் பங்குபோடுவோம்: மேல்மாடிக்காரர்கள் எனக்கு, கீழ்வீட்டுக்காரர்கள் அவளுக்கு. இதில் யாருக்கும் தீங்கில்லை.

அந்த நேரத்தில்தான் நவரத்தினம் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, முழங்கால் நல்லது. பெற்றோல் கிடைக்காத வருடத்தில் வெள்ளவத்தை முழுவதும் சைக்கிள் வாங்கியது. பெற்றோல் வந்ததும் அவை பல்கனிகளில் உடுப்புக் காயப்போடும் கொடிகளாகிவிட்டன. அவருடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் நேசமலரும் ஒன்று வாங்கினாள். தலைக்கு ஹெல்மெற், கைக்குக் கையுறை, முதுகில் பளபளக்கும் சட்டை. தேவாரம் சொல்லிக் கொடுத்த மனுஷி, பார்த்தால் தெருவில் குழாய் திருத்துகிற ஆள் மாதிரி.

கடலோர மரைன் டிரைவ் வழியே கோல்ஃபேஸ் திடல் வரை போய், இலைக்கஞ்சி குடித்து, திரும்பி வருவார்கள். வெயில் காலத்தில் யாரும் போகலாம். மார்கழி, தையில்தான் இவர்களுக்குப் பைத்தியம் கூடும். அந்த மாதங்களில் கொழும்பிலும் காதுக்குள் குளிர் போகும்; வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் என்றால் இங்கே நம் தலையில் ஊற்றும். போனில் சூரியன் படம் சிரித்துக்கொண்டிருக்கும், நீங்கள் நனைந்துகொண்டிருப்பீர்கள்.

“வருமோ வராதோ எண்டு தெரியாமல் போறதிலதான் அக்கா சந்தோசமே” என்றாள் நேசமலர். குடையில்லாமல் கோயிலுக்குக்கூடப் போகாதவள்.

போனை நம்ப முடியாததால் என்னை நம்பினார்கள். புறப்படும்போது கீழே நின்று அண்ணாந்து கேட்பாள்: “அக்கா, கடல் என்ன சொல்லுது?” மூன்றாம் மாடியிலிருந்து எனக்குத் தொடுவானம் தெரியும். கறுப்புக் கோடு இருந்தால் போகவேண்டாம் என்பேன். நான் பிழையாகச் சொன்னதே இல்லை. அவள் போன பிறகு அந்தக் கதிரையைப் பார்ப்பேன். பிறகு எழும்பி நடப்பேன். குசினிக்கு, பல்கனிக்கு, திரும்பக் குசினிக்கு. தேத்தண்ணி ஊற்றி, ஆறவிட்டு, கொட்டி, மறுபடி ஊற்றுவேன். ஒரு மனுஷிக்கு இவ்வளவு நடை நல்லதில்லை என்று டொக்டரே சொன்னார்.

எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவில் சேரும் இடத்தில் வாய்க்கால் மூடியை யாரோ பழைய இரும்புக்குக் களவெடுத்துவிட்டார்கள். முனைக் கடைக்காரர் அலவி ஒரு பூவரசங்கொப்பை வெட்டி, நுனியில் சிவப்பு ஷொப்பிங் பேக் ஒன்றைக் கட்டிக் குழிக்குள் நட்டார். இந்த ஊரில் மூடி தொலைந்தால் அடையாளம் அதுதான்.

“ஆன்ட்டி, பாத்துப் போங்க. மழை பெஞ்சா ரோடும் குழியும் ஒண்ணு. கொப்பு மட்டும்தான் தெரியும்” என்றார் என்னிடம்.

நல்ல மனிதர். அவர் சொல்லியிராவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் கையைக் கீழே நீட்டிப் பின்னால் வருபவருக்குக் காட்டவேண்டும். திரும்பி வரும்போது நவரத்தினம்தான் முன்னால் வருவார். கொப்பைக் கண்டதும் மணமேடையில் மாலை வாங்குகிறவர் போலக் கையை நீட்டுவார். நேசமலர் ஒதுங்கி வருவாள். அதை நான் எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கொப்பு கோணலாக நின்றது. நேராக்கத்தான் இறங்கினேன். கையோடு வந்துவிட்டது. அன்று மழை வரவில்லை, அவர்கள் குழியைப் பார்த்தே ஒதுங்கி வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் நேரத்துக்குள் திரும்ப நட்டுவிட்டேன். இன்னும் சில நாள் அப்படி எடுத்தேன், நட்டேன். பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு முறையும் யோசித்தேன் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன விழுகை. முழங்காலில் உரசல், ஒரு பிளாஸ்ரர், “இந்த வயசில எங்களுக்கு என்னத்துக்கு” என்ற ஒரு பேச்சு. அவ்வளவே.

அந்தக் காலையில் தலைக்கு மேல் வானம் கழுவிவிட்டது போலிருந்தது. தூரத்தில், கடல் முடிகிற இடத்தில், கறுப்புக் கோடு தடிப்பாக நின்றது.

“அக்கா, கடல் என்ன சொல்லுது?”

“ஒண்டும் சொல்லேல்லை. போட்டு வாங்கோ.”

நவரத்தினம் ஹெல்மெற்றைத் தொட்டு வணக்கம் சொன்னார். “நீங்களும் ஒருநாளைக்கு வாங்கோ பிறிஜெற். பின்னால ஏத்திக்கொண்டு போறன்.” நேசமலர் சிரித்தாள். அவள் என்னோடு இருக்கும்போது அப்படிச் சிரித்ததில்லை.

அவர்கள் போன பிறகு இறங்கினேன். குடையும் கொண்டுபோனேன். கொப்பை எடுத்துக் குடைக்குள் மறைத்துக்கொண்டு லிஃப்ற்றில் ஏறும்போது முதல் துளி விழுந்தது. அவர்கள் திரும்பி வரும்போது மரைன் டிரைவும் கடலும் ஒரே நிறமாக இருந்தன. முன்னால் நவரத்தினம். கொப்பைத் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன், கொஞ்சம் மெதுவாக்கினார். கொப்பு தெரியாததால் இன்னும் தூரம் இருக்கிறது என்று எண்ணி மிதித்தார். முன்சில்லு உள்ளே போனது. சத்தம் பெரிதாக இல்லை.

நேசமலர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். அவருடைய தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு என் பல்கனியைத்தான் அண்ணாந்து பார்த்தாள். “அக்கா, ஆரையாவது கூப்பிடுங்கோ, அக்கா.”

கேட்டது. கேட்பதில் எனக்குக் குறை இருந்ததே இல்லை. அம்புலன்ஸுக்கு நான்தான் கூப்பிட்டேன். அப்போதுதான் ஊற்றிய தேத்தண்ணி, அதைக் குடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

இடுப்பு முறிந்தது. தலை குழியின் விளிம்பில் அடிபட்டதால் வலது கை இப்போது சொன்னதைக் கேட்பதில்லை. சொற்களையும் தேடித் தேடித்தான் எடுக்கிறார். கொப்பை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று ஒழுங்கை முடிவுசெய்தது. அலவிக்குத்தான் நித்திரை இல்லை. “ஆழமாத்தான் நட்டேன் ஆன்ட்டி. நீங்க கண்டீங்கதானே?” என்று காண்கிற போதெல்லாம் கேட்பார். “உங்களில பிழை இல்லை” என்று நானும் ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்வேன். கொங்கிரீற்று மூடி பிறகு வந்தது.

நேசமலர் கதிரைக்குத் திரும்பி வருவாள் என்று தூசி தட்டி வைத்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்துகொண்டாள். கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டினாள். அதைப் பார்த்துச் சுகிர்தனே இளகிப்போனான். அப்பாவின் படத்தைக் கரியரில் கட்டட்டோ என்று கேட்ட தாயோடு சண்டை பிடித்த அதே சுகிர்தன்தான் கலியாணப் பதிவுகாரரைக் கூட்டிவந்தான். தள்ளுகதிரையில் மாப்பிள்ளை. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. “எங்களைக் காப்பாத்தினது பிறிஜெற் அக்காதான்” என்று நேசமலர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் அழுதேன். நடிப்பில்லை.

கரண்ட் போனால் லிஃப்ற் நின்றுவிடும், படி ஏற முடியாதவருக்கு மூன்றாம் மாடி எதற்கு என்று கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒரு நிலவீட்டுக்குப் போய்விட்டார்கள். சுகிர்தன் ஃபிளாற்றை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அவுஸ்திரேலியா போனான். இப்போது சுவருக்கு அப்பால் இருப்பவர்கள் பேசுவதே இல்லை. ரீவிதான் பேசுகிறது.

நேசமலர் போனில் சொல்கிறாள்: அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து வாசலில் இருத்திவிட்டு, காலையில் கால்வாய்க்கரை வழியே தனியாகச் சைக்கிள் ஓடுகிறாளாம். மழையிலும். சந்தோசமாக இருக்கிறாளாம். கடல் என்ன சொல்லுது என்று என்னிடம் கேட்கவில்லை.

கொப்பை எறிய மனம் வரவில்லை. வாளியில் போட்டிருந்தேன், துளிர்த்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் நானும் ஹெந்தளைக்குப் போகிறேன். அவள் வீட்டுக்கு எதிரே ஒரு மேல்மாடி அறை கிடைத்திருக்கிறது. பல்கனியும் உண்டு. அந்தப் பக்கத்து வாய்க்கால்களில் பாதிக்கு மூடியே இல்லையாம். தனியாக ஓடுகிறவளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா.