அமுதவல்லி வரல

காலைல வந்து உக்காந்தது, பெஞ்சே சூடேறிப் போச்சு, இன்னும் வரிசை நகரலயே! ஏம்மா, நீயே சொல்லு, இது ஞாயமா? அந்தா, நர்ஸுப் புள்ள மறுபடியும் "அமுதவல்லி... திருமயம் அமுதவல்லி"ன்னு கத்துது பாரு. எவளோ ஒருத்தி, பேரக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளால நாம எல்லாரும் காஞ்சுக்கிட்டுக் கெடக்கோம். பொறுப்பில்லாத சனம்!

நீ எந்தூரு? அறந்தாங்கியா... மாமியா ஸ்கேனுக்குப் போயிருக்காங்களா. சரி சரி, பைய இங்கிட்டு வச்சுட்டு நல்லா உக்காரு.

என்னைத் தெரியாது ஒனக்கு. தண்ணி வரலன்னா காலிக்கொடத்தோட மொத ஆளா ரோட்டுல உக்கார்றவ நான்தான். எங்கூருக் கோட்டை வரைக்கும் பஸ்ஸு வரிசையா நிக்கும்! அரெஸ்ட் பண்ணி கல்யாண மண்டபத்துல அடைப்பாங்க. லெமன் சாதம் வரும். உப்பு இருக்காது, அதுக்கும் ஒரு கோஷம் போடுவோம். ஏட்டு வந்து பேரு பேராக் கூப்பிடுவாரு. ஒருத்தி வாயத் தெறக்கணுமே, ம்ஹூம்! கூப்பிட்டா எந்திரிக்காத, அதான் எங்க மொதப் பாடம். சாயங்காலமாச்சுன்னா அவங்களே கேட்டத் தெறந்து, "கெளம்புங்கம்மா"ன்னு அனுப்பிருவாங்க. ஒருநாளும் தப்புனதில்ல.

எம்புட்டுப் போராடி என்ன... குழாய் தெறந்த கல்லுல எம்பேரா இருக்கு? பட்டுச்சேல கட்டிட்டு வந்து ரிப்பன் வெட்டுனவ பேருதான் இருக்கு. அத விடு.

செவுத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க பாரு. மார்புல கட்டி, வாயில ஆறாத புண்ணு, தீட்டு நின்ன பெறகும் ரத்தம்... இதெல்லாம் இருந்தா ஒடனே காட்டணுமாம், ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா கொணப்படுத்தலாமாம். விசயம் சரிதான், எழுத்துதான் சவம் மாதிரி கெடக்கு. ஊர்ப்பட்ட நோட்டீஸ் படிச்சவ நானு, பாதி நானே எழுதுனவ. "கட்டியே வெளியேறு!"ன்னு மேல கொட்டையாப் போட்டா நாலு பேரு நின்னு படிப்பான்.

சிரிக்காத. எங்க சங்கத்துல ஆத்மநாதன்னு ஒருத்தன், எந்நேரமும் கன்னத்துல பொகயில. வாயில புண்ணு வந்து மாசக்கணக்கா ஆறல. "சுண்ணாம்பு சுட்டுருச்சு"ங்குறான். விடுவேனா? அவன் வீட்டு வாசல்லயே மறியல்! ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தேன். ஆபரேசன் பண்ணி, கதிர்வீச்சுக் கரண்டு வச்சு, இப்ப என்னையவே எதுத்துப் பேசுறான்! "அமுதவல்லிக்கா, ஒங்க தொல்லைக்குப் பயந்துதான் பொழச்சேன்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு...

...என்னம்மா? ஏன் அப்படிப் பாக்குற?

அது... அமுதவல்லின்னா ஊருக்கு நாலு பேரு இருப்பாங்க.

சரி, நான்தான். மெதுவாப் பேசேன்! குளிக்கையில மார்புல ஒரு கட்டி கையில தட்டுச்சு, நெல்லிக்கா அளவு. வலிக்கல, அதனால ஒண்ணுமில்லன்னு விட்டேன். வலிக்கலைன்னாலும் காட்டணுமாம், யாருக்குத் தெரியும்? ஊசி போட்டு கட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்தாங்க, இன்னைக்கு ரிசல்ட்டு. கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. ஒரு ஆளா! நான் கை தட்டுனா எரநூறு பேரு ரோட்டுக்கு வரும். ஆனா ஒருத்தியக் கூப்பிட்டு "பயமா இருக்கு, கூட வாடி"ன்னு சொல்ல வாய் வரலயே. தலைவி பயந்தா கூட்டம் கலஞ்சிரும்ல? அதான், இப்படியே சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டா, மண்டபத்துல மாதிரி அவங்களே...

என்னது? மண்டபம் விடும், கட்டி விடாதா? வாயப் பாரேன் இவளுக்கு!

ஏய், எங்க எந்திரிக்கிற? தண்ணி குடிக்கவா? குழாய் அங்கிட்டு இருக்கு, நீ ஏன் நர்ஸுகிட்டப் போற... ஏம்மா! கைய நீட்டாத! அடிப்பாவி, காட்டிக் குடுத்துட்டியே! போலீஸுகிட்டக்கூட எவளும் என்னையக் காட்டிக் குடுத்ததில்ல, அறந்தாங்கிக்காரி வந்து...

இருக்கேன் சிஸ்டர், இருக்கேன். கத்தாதீங்க, வாரேன்.

நீ என்ன முழிக்கிற? மாமியா வர நேரமாகும்ல? வா உள்ள. ஒண்ணும் பேச வேணாம், எம் பக்கத்துல சும்மா நில்லு, போதும். ஏய், கையெல்லாம் பிடிக்காத, நான் என்ன சின்னப் புள்ளயா...

விடாத.