மொட்டைக் கடுதாசியில் ஒரு ழ

— கடுதாசியைக் கசக்காதேக்கா. நான் கண்ணாடி வெச்சுப் பார்க்க வேண்டாமா?

— ஒரு மணி நேரமா அதைத்தானே பார்க்கிறே! என் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு, நீ கொம்பையும் சுழியையும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே. என் ஓரகத்தி ஆபீஸ்ல அடிச்சதுதான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டா.

— இல்லாததை எப்படிச் சொல்ல? நீ கொண்டாந்த அவங்க ஆபீஸ் நோட்டீஸைப் பாரு, கேள்விக்குறிக்கு அடியில புள்ளி சதுரம். கடுதாசில வட்டம்.

— புள்ளியாம் புள்ளி! மை பரவியிருக்கும்.

— பரவினா ஓரம் பிசிறடிக்கும்க்கா. இது வழவழன்னு இருக்கு. ண-வையும் பாரு. நோட்டீஸ்ல மூணு சுழியும் ஒரே அளவு. இதுல கடைசிச் சுழி சின்னது.

— “பொண்ணு வாயாடி, யாரையும் மதிக்க மாட்டா, தூங்கினா குறட்டை விடுவா”ன்னு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதியிருக்கு. குறட்டை வெளியாளுக்கு எப்படிடா தெரியும்? போன மாசம் பத்து நாள் எங்க வீட்டுல தங்கினவ அவதான்!

— அக்கா, நான் அச்சகத்துல எழுத்து பார்க்கிறவன். குறட்டை கேக்கிறவன் இல்லை.

— எல்லாம் என் தலையெழுத்து.

— அது எந்த ஃபாண்ட்டுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதே. கொஞ்சம் நகரு, வெளிச்சம் விழட்டும்... ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்லை. கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போ.

— டேய், மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? சொல்லப் போறியா, இல்லே கடை அதிர நான் கத்தட்டுமா?

— கத்தாதேக்கா. இந்த ழ-வைப் பாரு. வால் சுருளாம நேரா இறங்குது. வேற எந்த ஃபாண்ட்லயும் இப்படிக் கிடையாது. இது நானே வரைஞ்ச ஃபாண்ட். பாதியில விட்டுட்டேன், கடை வேலைக்குக்கூட எடுத்ததில்லை.

— அடப்பாவி! நீயாடா எழுதினே?

— ஐயோ, சத்தியமா நான் இல்லை! ஒரே ஒருத்திக்குத்தான் கொடுத்தேன். “அழகா இருக்கு, எனக்குக் கொடு”ன்னு அவளா கேட்டு வாங்கிட்டுப் போனா.

— எவ அவ?

— உன் பொண்ணுதான்க்கா.

— என் பொண்ணா!

— அக்கா? உக்காரு முதல்ல. தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

— இந்த மாப்பிள்ளை வேண்டாம்மான்னு மூணு தடவை சொன்னாடா. மூணாவது தடவை அவ அழுதுக்கிட்டு நிக்கும்போதுதான், பத்திரிகை அடிக்கச் சொல்லி நான் உனக்கு ஃபோன் பண்ணினேன்.