எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்

ஹலோ... அண்ணே! வந்து எறங்கிட்டியா? ... ஆமா, ஆமா, அப்பா இருக்காரு. மூச்சு இழுத்துக்கிட்டுதான் இருக்கு, ஆனா கண்ணு தொறந்தே இருக்கு. ... சரி சரி, வெளிய வந்து டாக்சி புடி, பேச்செல்லாம் அப்புறம்...

என்னது? எந்த ஊரு? ... அங்க எதுக்குண்ணே எறங்குனே? ... ஃப்ளைட் மாறணுமா? எவ்வளவு நேரம்? ... அஞ்சா? அதுக்கப்புறம் இன்னும் நாலா? ஐயோ, அண்ணே...

இல்ல, நீ சொல்லல. டிக்கெட் கெடச்சிருச்சு, கெளம்பிட்டேன்னு மட்டும்தான் சொன்னே. நான்தான்... உன் ஊருக்கும் நம்ம ஊருக்கும் எவ்வளவு தூரம்னு போன்ல போட்டுப் பாத்தேன். நேரா ஒரு கோடு இழுத்து, எட்டாயிரத்து நானூறுன்னு காட்டுச்சு. அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

பின்ன? முப்பது வருஷம் பஸ் ஓட்டுன மனுஷன், கணக்குப் போடாம விடுவாரா? 'என்ன வேகத்துல போவும்?'னாரு. மணிக்குத் தொள்ளாயிரம்னேன். மனசுக்குள்ளயே வகுத்துட்டு, 'ஒம்பதரை மணி நேரம். பெட்டிய எடுத்துக்கிட்டு வீடு வர ஒண்ணு. தாங்கிருவேன்'னாரு. ... ஆமாண்ணே. தாங்கிருவேன்னுதான் சொன்னாரு.

அழாத, கேளு. 'நடுவுல டீக்கு நிக்காதா?'ன்னுகூட கேட்டாரு. வானத்துல ஏதுப்பா டீக்கடைன்னு சிரிச்சேன். அவரு சரியாத்தான் கேட்டிருக்காரு. நான்தான் மண்டு...

ம்... ம்... விடிஞ்சதுலேருந்து செவுத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருக்காரு. நர்சம்மா ஊசியோட வந்தா வேணாங்குறாரு, தூங்கிட்டா நீ வர்றது தெரியாதாம். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குறாருண்ணே. ... டாக்டரா? அந்த ஊசி போட்டா வலி அடங்கும், ஆனா திரும்ப முழிக்க மாட்டாருன்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு. ... இல்லண்ணே. இன்னும் ஒம்பது மணி நேரம்னு என் வாயால சொல்ல மாட்டேன். முடியாது.

ஒண்ணு செய்யி. அப்பாகிட்ட வந்துட்டேன்னு சொல்லு. ... பொய்தான். ... பொய்தாண்ணே, எனக்குத் தெரியாதா! அந்தப் பாவம் என் தலையில விழட்டும். நீ மொகம் பாக்கணும்னு அவர அதுவரைக்கும் துடிக்க விடவா? ...

... ம். ... சரி. மூக்க உறிஞ்சாத, கொரல்ல தெரிஞ்சிரும். அறிவிப்புச் சத்தம் கேக்குது பாரு, எங்கயாவது ஓரமாப் போயி நில்லு.

அப்பா... அப்பா, அண்ணன். எறங்கிட்டானாம். இந்தாங்க, காதுல வெக்கிறேன்...

...

...

அண்ணே, நான்தான். ... கேட்டாரு, நல்லாக் கேட்டாரு. 'கரெக்ட் டயம்'னு சொல்லிச் சிரிச்சாருண்ணே. நர்சம்மாவ அவரே கையக் காட்டிக் கூப்பிட்டாரு. ... ஆமா, போட்டாச்சு. கண்ண மூடிட்டாரு. ...

இல்ல, கடைசியா என்கிட்டதான் பேசுனாரு. 'வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் கண்ணசர்றேன். வாசல்ல கார் சத்தம் கேட்டதும் எழுப்பு'ன்னாரு. ...

என்னண்ணே சொல்வேன்? எழுப்புறேன்ப்பான்னேன். ... வெச்சிர்றேண்ணே.